கட்டணம் பெற்று வரிக் கணக்கு தயாரிப்பவர்கள்: அமெரிக்காவில் கையெழுத்திடும் முன் சரிபார்க்க வேண்டியவை

அமெரிக்காவில் பதினெட்டு வயது நிரம்பிய எவரும், ஐ.ஆர்.எஸ். எனப்படும் உள்நாட்டு வருவாய்த் துறையிடம் ஒரு விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்து, இருபது டாலருக்கும் குறைவான கட்டணத்தைச் செலுத்தி, பிடின் (PTIN) என்ற அடையாள எண்ணைப் பெற்றுக்கொண்டால், பிறரிடம் காசு வாங்கிக்கொண்டு அவர்களுடைய ஃபெடரல் வருமான வரிக் கணக்கைத் தயாரித்துக் கொடுக்கலாம். ஒரு சில மாநிலங்களைத் தவிர, அதற்குத் தேர்வு கிடையாது, படிப்புத் தகுதி கிடையாது, அனுபவச் சான்றும் எவரும் கேட்பதில்லை. ஆனால் அவ்வாறு தயாரித்த கணக்கில் பிழை இருந்தால், குறைவாகக் கட்டிய வரியும், அதற்கான வட்டியும், வரிதாரர் மீதான அபராதமும் கணக்கில் கையெழுத்திட்ட வரிதாரரையே சேரும். தயாரித்தவருக்குத் தனியாக அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடம் உண்டு; எனினும் அவர் கட்டும் அபராதம் வரிதாரரின் பாக்கியிலிருந்து ஒரு டாலரைக்கூடக் குறைப்பதில்லை.

எச்-1பி விசாவிலும், எஃப்-1 மாணவர் விசாவிலும், பச்சை அட்டையிலும் அங்கு வாழும் தமிழர்களில் பலர் நண்பர் சொன்னார் என்பதற்காகவோ, ரீஃபண்ட் (கூடுதலாகக் கட்டிய வரி திரும்பி வருவது) அதிகமாக வரும் என்று தொலைபேசியில் அழைத்தவர் சொன்னார் என்பதற்காகவோ ஒருவரிடம் தங்கள் சம்பளத்தையும் பிடித்த வரியையும் காட்டும் டபிள்யூ-2 படிவத்தை ஒப்படைத்துவிடுகிறார்கள். அவ்வாறு ஒப்படைப்பதற்கு முன்பும், கையெழுத்திடும்போதும், கணக்கு அனுப்பப்பட்ட பின்பும் செய்ய வேண்டிய சரிபார்ப்புகளை இந்த வழிகாட்டி வரிசையாக விளக்குகிறது.

சட்டம் எங்கே வந்து நிற்கிறது

சரிபார்க்கும் பொறுப்பு ஏன் வரிதாரர் மீது விழுகிறது என்பதைப் புரிந்துகொள்ள ஒரு வழக்கை அறிந்திருப்பது நல்லது. 2011-இல் ஐ.ஆர்.எஸ். புதிய விதிகளைக் கொண்டுவந்தது. வழக்கறிஞர், சி.பி.ஏ. (மாநில உரிமம் பெற்ற கணக்காளர்), என்ரோல்டு ஏஜென்ட் (ஐ.ஆர்.எஸ். அனுமதி பெற்ற வரி முகவர்) ஆகிய மூவகையிலும் சேராத தயாரிப்பவர்கள் அனைவரும் பதிவு செய்துகொண்டு, ஒரு தேர்வில் தேறி, ஆண்டுதோறும் 15 மணி நேரம் தொடர்கல்வி பெற வேண்டும் என்று அவை கூறின. சபீனா லவிங் என்பவரும் வேறு இரண்டு தயாரிப்பவர்களும் இதை எதிர்த்து வழக்குத் தொடுத்தனர். 2013 ஜனவரியில் வாஷிங்டன் மாவட்ட நீதிமன்றம் அந்த விதிகளுக்குத் தடை விதித்தது. 2014 பிப்ரவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. அந்தத் தீர்ப்பை எழுதியவர் பின்னாளில் உச்ச நீதிமன்றத்துக்குச் சென்ற பிரெட் கவனா.

ஐ.ஆர்.எஸ். தன் அதிகாரத்துக்கு ஆதாரமாகக் காட்டியது 1884-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றை. உள்நாட்டுப் போரில் இழந்த குதிரைகளுக்கும் பிற உடைமைகளுக்கும் இழப்பீடு கேட்டவர்களின் சார்பில் கருவூலத் துறையின் முன் வந்து நின்ற முகவர்களை ஒழுங்குபடுத்தப் பிறந்த சட்டம் அது. கருவூலத் துறையின் முன் ஒருவரைப் பிரதிநிதித்துவம் செய்வது வேறு, அவருடைய வரிக் கணக்கை நிரப்பிக் கொடுப்பது வேறு. பின்னதை ஒழுங்குபடுத்த இந்தச் சட்டம் அதிகாரம் தரவில்லை என்றது நீதிமன்றம். சட்டச் சொற்களை மட்டும் வைத்துப் பார்த்தால் தீர்ப்பில் குறை காண்பது கடினம். குறை, அந்த அதிகாரத்தை இன்றுவரை வழங்காத நாடாளுமன்றத்தினுடையது. அதற்கான மசோதாக்கள் பலமுறை கொண்டுவரப்பட்டும் நிறைவேறவில்லை.

தீர்ப்பு வந்த இரண்டு மாதங்களில், அரசின் தணிக்கை அமைப்பான ஜி.ஏ.ஓ., தன் ஊழியர்களை வரிதாரர்களைப் போல 19 கிளை அலுவலகங்களுக்கு அனுப்பிப் பார்த்த சோதனையின் முடிவை வெளியிட்டது. ரீஃபண்ட் தொகையைச் சரியாகக் கணக்கிட்டவை இரண்டு மட்டுமே. மற்றவற்றின் பிழைகள், 52 டாலர் குறைவு முதல் 3,718 டாலர் அதிகம் வரை நீண்டன. சோதனை சிறியது, நாடு முழுமைக்கும் அதைப் பொதுவாக்க முடியாது. ஆனாலும் அவை தெருவோரத்தில் மேசை போட்டவர்களின் கடைகள் அல்ல, பெரிய தொடர் நிறுவனங்களின் கிளைகள்.

முதல் படி: அவர் எந்த வகையைச் சேர்ந்தவர் என்று கேளுங்கள்

"உங்களிடம் பிடின் இருக்கிறதா?" என்று கேட்பது தேவையான கேள்வி, ஆனால் போதுமான கேள்வி அல்ல. 'பி' என்ற எழுத்தும் எட்டு இலக்கங்களும் கொண்ட இந்த எண்ணைக் காசு வாங்கித் தயாரிப்பவர் ஒவ்வொருவரும் வைத்திருக்க வேண்டும் என்பதும், ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 31-உடன் காலாவதியாகும் அதைப் புதுப்பிக்க வேண்டும் என்பதும் கட்டாயம். லவிங் தீர்ப்புக்குப் பிறகும் இந்தக் கட்டாயம் நீடிக்கிறது. எனினும் பிடின் ஓர் அடையாள எண் மட்டுமே; அதை உரிமம் போல விளம்பரத்தில் பெரிதாகப் போட்டுக்கொள்பவரிடம் வேறு தகுதி எதுவும் இல்லை என்றே கொள்ளலாம்.

முழுத் தகுதி பெற்றவர்கள் மூன்று வகையினர். முதலாவது, மாநில வழக்கறிஞர் மன்றத்தில் பதிவு பெற்ற வழக்கறிஞர்கள். இரண்டாவது, மாநிலக் கணக்கியல் வாரியம் உரிமம் வழங்கும் சி.பி.ஏ.க்கள். மூன்றாவது, ஐ.ஆர்.எஸ். நேரடியாக அனுமதிக்கும் என்ரோல்டு ஏஜென்ட்டுகள். இவர்கள் தனிநபர் வரி, வணிக வரி, பிரதிநிதித்துவ நடைமுறை ஆகிய மூன்று தாள்கள் கொண்ட தேர்வில் தேறியவர்கள், அல்லது ஐ.ஆர்.எஸ்.-இல் போதிய காலம் பணியாற்றியவர்கள். மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை 72 மணி நேரத் தொடர்கல்வியை முடித்தாக வேண்டும். இம்மூவரும் சர்க்குலர் 230 என்ற ஒழுக்க விதிகளுக்குக் கட்டுப்பட்டவர்கள், மீறினால் ஐ.ஆர்.எஸ். முன் தோன்றும் உரிமையை இழக்கலாம். தணிக்கை, மேல்முறையீடு, வசூல் என எந்தக் கட்டத்திலும் உங்கள் சார்பில் பேச இவர்களுக்கு உரிமை உண்டு.

இவர்களுக்கு அடுத்த நிலையில் ஏ.எஃப்.எஸ்.பி. என்ற தன்விருப்பத் திட்டத்தில் சேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். லவிங் வழக்கில் தோற்ற பின் ஐ.ஆர்.எஸ். 2014-இல் உருவாக்கிய இத்திட்டத்தில், பெரும்பாலோர் ஆண்டுக்கு 18 மணி நேரம் படித்துச் சான்று பெறுகிறார்கள். தாங்கள் தயாரித்துக் கையெழுத்திட்ட கணக்கு தணிக்கைக்கு வந்தால் அந்த அளவுக்கு மட்டும் உங்களுக்காகப் பேசலாம். மேல்முறையீட்டுக்கோ வசூல் அதிகாரியிடமோ வர முடியாது. பிடின் மட்டும் வைத்திருப்பவருக்கோ, 2015-க்குப் பின் தயாரித்த கணக்குகளைப் பொறுத்தவரை, தான் தயாரித்த கணக்கையே ஐ.ஆர்.எஸ். முன் நின்று விளக்கும் உரிமை கிடையாது. அறிவிப்புக் கடிதம் வரும் நாளில் நீங்கள் தனியாகவே நிற்க வேண்டியிருக்கும் என்பதே இதன் நடைமுறைப் பொருள்.

பட்டத்தை மட்டும் பார்த்து மயங்கிவிடவும் கூடாது. நிறுவனத் தணிக்கையிலேயே காலத்தைக் கழித்த ஒரு சி.பி.ஏ., வெளிநாட்டு மாணவருக்கான 1040-என்.ஆர். படிவத்தை வாழ்நாளில் தொட்டிருக்க மாட்டார். இந்தியாவில் வங்கிக் கணக்கும் மியூச்சுவல் ஃபண்டும் வைத்திருப்பவருக்கு, அத்தகைய கணக்குகளைத் தொடர்ந்து கையாளும் ஓர் என்ரோல்டு ஏஜென்ட்டே பொருத்தமானவர் என்பது என் கருத்து.

இரண்டாம் படி: அவர் சொன்னதைப் பதிவேட்டில் பாருங்கள்

ஐ.ஆர்.எஸ். இணையதளத்தில் தகுதி பெற்ற தயாரிப்பவர்களின் தேடல் பட்டியல் ஒன்று இலவசமாகக் கிடைக்கிறது. அஞ்சல் குறியீட்டையும் பெயரையும் இட்டுத் தேடினால், வழக்கறிஞர், சி.பி.ஏ., என்ரோல்டு ஏஜென்ட், ஏ.எஃப்.எஸ்.பி. சான்று பெற்றவர் ஆகியோரின் பெயர்கள் வரும். பிடின் மட்டும் உள்ளவர்கள் இந்தப் பட்டியலில் இடம்பெறுவதில்லை. ஆகவே பெயர் இல்லை என்றால் அவர் சட்டவிரோதமாகத் தொழில் நடத்துகிறார் என்று பொருளாகாது, ஆனால் தன்னைச் சி.பி.ஏ. என்று சொல்லிக்கொண்டவரின் பெயர் இல்லை என்றால் காரணம் கேட்க வேண்டும். சி.பி.ஏ. உரிமம் நடப்பில் இருக்கிறதா, ஒழுங்கு நடவடிக்கை ஏதும் உண்டா என்பதை மாநிலக் கணக்கியல் வாரியத்தின் தளத்திலும், வழக்கறிஞர் என்றால் மாநில வழக்கறிஞர் மன்றத்திலும் பார்க்கலாம். இடைநீக்கம் அல்லது நீக்கம் செய்யப்பட்டவர்களின் பெயர்களை ஐ.ஆர்.எஸ்.-இன் தொழில்முறைப் பொறுப்பு அலுவலகம் வெளியிடுகிறது. மோசடி செய்தவர்கள் மீண்டும் கணக்கு தயாரிக்காதபடி அரசின் நீதித்துறை (ஜஸ்டிஸ் டிபார்ட்மென்ட்) நீதிமன்றத்தில் தடை உத்தரவு வாங்குவதும் உண்டு என்பதால், பெயரையும் நிறுவனப் பெயரையும் சேர்த்து இணையத்தில் ஒருமுறை தேடுவது வீண்போகாது.

மாநில விதிகளைப் பொறுத்தவரை, ஒரு சில மாநிலங்களே தமக்கென ஏற்பாடு செய்துள்ளன. ஒரிகான் மாநிலத்தில் 1970-களிலிருந்தே தனி வாரியமும் தேர்வும் உண்டு. கலிஃபோர்னியாவில் மேற்சொன்ன மூன்று வகையிலும் சேராதவர் 60 மணி நேரப் படிப்பை முடித்து, 5,000 டாலர் பிணைப் பத்திரம் எடுத்து, சி.டி.இ.சி. அமைப்பில் பதிவு செய்ய வேண்டும். பதிவைத் தொடர ஆண்டுக்கு 20 மணி நேரம் படிக்க வேண்டும். மேரிலாந்தில் தேர்வும், நியூயார்க்கிலும் கனெக்டிகட்டிலும் பதிவு அல்லது அனுமதி முறையும் இருக்கின்றன. டெக்சாஸ் உள்ளிட்ட பெரும்பாலான மாநிலங்களில் இப்படி எதுவும் இல்லை.

மூன்றாம் படி: கட்டணத்தை முதலிலேயே பேசி முடியுங்கள்

படிவங்களின் எண்ணிக்கைக்கு ஏற்பவோ, மணிக்கணக்கிலோ, மொத்தமாகவோ கட்டணம் கேட்பது இயல்பு. ரீஃபண்டில் இத்தனை விழுக்காடு என்று கேட்பவரை விட்டு விலகுங்கள் என்பதே ஐ.ஆர்.எஸ்.-இன் அறிவுரை, ரீஃபண்டைப் பெருக்குவதில் அவருக்கே பங்கு இருக்கும்போது, சந்தேகத்துக்குரிய கழிவு (வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளும் தொகை) ஒன்றைச் சேர்க்கலாமா என்ற கேள்விக்கு அவர் தரும் பதில் நடுநிலையானதாக இருக்காது. ஆவணங்களைப் பார்க்கும் முன்பே "உங்களுக்கு இவ்வளவு வாங்கித் தருகிறேன்" என்று தொகை சொல்பவரும் இதே வகைதான். ரீஃபண்டிலிருந்தே கட்டணத்தைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பாட்டில் இடையில் ஒரு வங்கி தனிக் கட்டணம் வசூலிக்கும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். கணக்கு அனுப்ப வழக்கமான கடைசி நாளான ஏப்ரல் 15-க்குப் பின்னும் அலுவலகம் திறந்திருக்குமா, அறிவிப்பு வந்தால் பதில் எழுதித் தருவது இந்தக் கட்டணத்தில் அடங்குமா, கணக்கில் கையெழுத்திடப் போவது யார் என்ற மூன்றையும் எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: உங்கள் ஆவணங்கள் எங்கே போகின்றன என்று கேளுங்கள்

டபிள்யூ-2 படிவத்தையும் பாஸ்போர்ட்டின் முகப்புப் பக்கத்தையும் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புமாறு கேட்பவர்கள் ஏராளம். சமூகப் பாதுகாப்பு எண், பிறந்த தேதி, சம்பளம், முகவரி ஆகிய அனைத்தும் அந்த இரண்டு படங்களில் இருக்கின்றன. வாடிக்கையாளர் தகவலைப் பாதுகாக்க எழுத்து வடிவிலான திட்டம் ஒன்றை வைத்திருப்பது தயாரிப்பவர்களின் சட்டக் கடமை. கடவுச்சொல்லோடு கூடிய பாதுகாப்பான வலைவாசல் இல்லாதவரிடம் அந்தத் திட்டம் இருக்குமா என்பது ஐயமே.

வருவாய்ச் சட்டத்தின் 7216-ஆம் பிரிவின்படி, வரிக் கணக்குக்காகத் தரப்பட்ட தகவலை அனுமதியின்றி வெளியிடுவது ஓராண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். அமெரிக்காவில் இருக்கும் தயாரிப்பவர், வேலையைச் சென்னையிலோ ஹைதராபாதிலோ உள்ள ஊழியர்களிடம் கொடுத்துச் செய்விப்பதானால், அதற்கு முன்னதாக உங்கள் எழுத்துபூர்வமான ஒப்புதலைப் பெற்றிருக்க வேண்டும். விதிகள் கோரும் பாதுகாப்பு ஏற்பாடு இல்லாவிட்டால் சமூகப் பாதுகாப்பு எண்ணை மறைத்துத்தான் அனுப்ப வேண்டும். ஒப்புதல் தருவதில் தவறில்லை. நம் ஊர்ப் பிள்ளைகள் இந்த வேலையைத் திறமையாகச் செய்கிறார்கள். ஆனால் கேட்காமலே அனுப்பியவர், வேறு எந்த விதியை மதித்திருப்பார் என்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

ஐந்தாம் படி: அவர் உங்களிடம் என்னென்ன கேட்கிறார் என்று கவனியுங்கள்

தயாரிப்பவரின் திறமையை அளக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. பழைய கணக்கையும் டபிள்யூ-2 படிவத்தையும் மட்டும் வாங்கிக்கொண்டு மறுநாள் கணக்கை நீட்டுபவர் வேகமானவர் அல்ல. கேட்க வேண்டியதைக் கேட்காதவர்.

எஃப்-1 மாணவரை எடுத்துக்கொள்வோம். 2023 ஆகஸ்டில் முதன்முறையாக அமெரிக்கா வந்த ஒருவர், பொதுவாக ஐந்து காலண்டர் ஆண்டுகள், அதாவது 2027 வரை, அமெரிக்காவில் இருந்த நாட்களை எண்ணி ஒருவர் குடியிருப்பவரா என்று முடிவு செய்யும் சோதனையிலிருந்து விலக்குப் பெற்றவர். வரிச் சட்டத்தின் பார்வையில் அவர் குடியிருப்பவர் அல்லர். அவர் நிரப்ப வேண்டியது 1040-என்.ஆர். படிவமும், இந்த விலக்கைத் தெரிவிக்கும் 8843 படிவமும். இந்தியாவிலிருந்து வந்த மாணவருக்கு இந்திய–அமெரிக்க வரி ஒப்பந்தத்தின் 21-ஆவது பிரிவு ஒரு சலுகையைத் தருகிறது: குடியிருப்பவரைப் போலவே நிலையான கழிவை எடுத்துக்கொள்ளலாம், 2025-க்கு அது தனிநபருக்கு 15,750 டாலர். முதன்முதலில் நாட்டுக்குள் வந்த தேதியையும் விசா வகையையும் கேட்காத தயாரிப்பவர், குடியிருப்பவருக்கான சாதாரண 1040 படிவத்தை நிரப்பி, 2,500 டாலர் வரை கிடைக்கும் அமெரிக்கன் ஆப்பர்ச்சூனிட்டி கல்விச் சலுகையையும் சேர்த்துவிடுவார். இந்த நிலையில் இருக்கும் மாணவருக்கு அந்தச் சலுகை கிடையாது. கூடுதலாக வந்த ரீஃபண்டைக் கண்டு மாணவர் மகிழ்வார். பின்னர் அதைத் திருப்பிக் கட்டுவதோடு, தவறான கணக்கு ஒன்று தன் பெயரில் பதிவாகியிருப்பதையும் அவரே சரிசெய்ய வேண்டும்.

குடும்பத்தோடு இருப்பவரிடம் காணப்படும் பிழை வேறு. மதுரையில் வாழும் பெற்றோருக்கு மாதந்தோறும் பணம் அனுப்புகிறார் என்பதால் அவர்களைச் சார்ந்திருப்பவர்கள் என்று கணக்கில் சேர்க்கும் வழக்கம் இருக்கிறது. சார்ந்திருப்பவர் அமெரிக்கக் குடிமகனாகவோ, வரிச் சட்டப்படி அமெரிக்காவில் குடியிருப்பவராகவோ, கனடா அல்லது மெக்சிகோவில் வாழ்பவராகவோ இருக்க வேண்டும். இந்த வகைகளில் சேராமல் இந்தியாவில் வாழும் பெற்றோருக்கு எவ்வளவு அனுப்பினாலும் அவர்களைச் சேர்க்க முடியாது. "எல்லோரும் சேர்க்கிறார்கள்" என்பது இதற்கு விடை ஆகாது.

அடுத்து வெளிநாட்டுக் கணக்குகள். வட்டியையும் ஈவுத்தொகையையும் காட்டும் ஷெட்யூல் பி படிவத்தின் மூன்றாம் பகுதியில், அந்த ஆண்டில் வெளிநாட்டில் நிதிக் கணக்கு ஏதும் உங்களுக்கு இருந்ததா என்ற கேள்வி இருக்கிறது. அதில் ஆம், இல்லை என்ற இரண்டு கட்டங்கள் உண்டு. உங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமலேயே 'இல்லை' என்பதில் குறியிடப்பட்ட கணக்குகள் எத்தனையோ. அந்தக் கணக்கில் நீங்கள் இடும் கையெழுத்து, பொய்ச் சாட்சியத்துக்கான தண்டனைக்கு உட்பட்டு அளிக்கும் உறுதிமொழி. ஆகவே இந்திய வங்கிக் கணக்குகளைப் பற்றித் தயாரிப்பவர் கேட்கவில்லை என்றால் நீங்களே சொல்லிவிடுங்கள். குடியிருப்பவராகக் கருதப்படுபவருக்கு, இந்தியாவில் வரியில்லாத என்.ஆர்.இ. (வெளிநாடுவாழ் இந்தியருக்கான வங்கிக் கணக்கு) வைப்பு வட்டியும் அமெரிக்காவில் வரிக்குரிய வருமானமே. எல்லா வெளிநாட்டுக் கணக்குகளின் கூட்டு இருப்பும் ஆண்டில் ஒருநாளேனும் 10,000 டாலரைத் தாண்டியிருந்தால், எஃப்பார் எனப்படும் அறிக்கையை வரிக் கணக்கோடு சேர்க்காமல் கருவூலத் துறையின் ஃபின்சென் அமைப்புக்குத் தனியாக அனுப்ப வேண்டும். சொத்து மதிப்பு இன்னும் கூடினால் வெளிநாட்டு நிதிச் சொத்துகளைக் காட்டும் 8938 படிவமும், இந்திய மியூச்சுவல் ஃபண்டுகள் இருந்தால் பொதுவாக ஒவ்வொரு நிதிக்கும் தனித்தனியே 8621 படிவமும் தேவைப்படலாம். எஃப்பார் என்ற சொல்லையே கேள்விப்படாதவரிடம் உங்கள் கணக்கை ஒப்படைக்க வேண்டாம்.

தகுதியுள்ள சலுகைகளுக்கும் அவர் கேள்வி கேட்டாக வேண்டும். குழந்தைக்கான வரிச் சலுகை, கல்விச் சலுகை, குடும்பத் தலைவர் நிலை போன்றவற்றைக் கோரும் கணக்குகளில் 8867 என்ற சரிபார்ப்புப் படிவத்தை அவர் நிரப்பி இணைக்க வேண்டும்; கேட்காமல் நிரப்பினால் அபராதம் அவருக்கு.

ஆறாம் படி: கையெழுத்திடும் முன் பார்க்க வேண்டிய இடங்கள்

மின்னணு முறையில் அனுப்பும் கணக்குக்கு நீங்கள் கையெழுத்திடுவது 8879 என்ற ஒப்புதல் படிவத்தில். அதன் மேல்பகுதியில் ஐந்து தொகைகள் இருக்கும்: சரிக்கட்டிய மொத்த வருமானம், மொத்த வரி, பிடித்தம் செய்யப்பட்ட வரி, ரீஃபண்ட், கட்ட வேண்டிய பாக்கி. முழுக் கணக்கையும் கேட்டு வாங்கி, இந்த ஐந்தும் அதில் உள்ளவற்றோடு பொருந்துகின்றனவா என்று பாருங்கள். வெறும் 8879-ஐ மட்டும் அனுப்பி "கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்பவருக்குக் கையெழுத்துத் தர வேண்டாம். வெற்றுப் படிவத்தில் கையெழுத்திடக் கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

பிறகு கணக்கைப் பக்கம் பக்கமாகப் புரட்டுங்கள். நீங்கள் நடத்தாத தொழில் ஒன்று ஷெட்யூல் சி படிவத்தில் முளைத்திருக்கிறதா? சம்பளத்தைத் தவிர வேறு வருமானமே இல்லாதவருக்கு 'ஆலோசனைத் தொழில்' என்ற பெயரில் சில ஆயிரம் டாலர் நஷ்டம் காட்டுவது பழைய உத்தி. ஷெட்யூல் ஏ படிவத்தில் நீங்கள் கொடுக்காத நன்கொடை எழுதப்பட்டிருக்கிறதா? ரீஃபண்ட் போகும் வங்கியின் ரூட்டிங் எண்ணும் கணக்கு எண்ணும் உங்களுடையவையா? 8888 படிவம் இணைந்திருந்தால் ரீஃபண்ட் ஒன்றுக்கு மேற்பட்ட கணக்குகளுக்குப் பிரிந்து போகிறது என்று பொருள். அதில் ஒன்று உங்களுக்குத் தெரியாததாக இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். உங்கள் ரீஃபண்ட் காசோலையில் கையெழுத்திட்டுப் பணமாக்கத் தயாரிப்பவருக்கு உரிமை கிடையாது. முகவரியையும் பாருங்கள், ஐ.ஆர்.எஸ். கடிதங்கள் தனக்கே வரும்படி தன் அலுவலக முகவரியை இட்டு வைப்பவர்கள் உண்டு.

கடைசியாக, 1040 படிவத்தின் இரண்டாம் பக்கத்தின் அடிப்பகுதி. உங்கள் கையெழுத்துக்குக் கீழே, கட்டணம் பெற்ற தயாரிப்பவருக்கான கட்டத்தில் அவருடைய பெயர், கையெழுத்து, பிடின், நிறுவனப் பெயர், நிறுவன எண் ஆகியவை இருக்க வேண்டும். காசு வாங்கியவர் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டிருந்தாலோ, நீங்களே தயாரித்ததுபோல எழுதியிருந்தாலோ, அவரைத்தான் ஐ.ஆர்.எஸ். 'பேய்த் தயாரிப்பாளர்' என்ற பொருளில் குறிப்பிடுகிறது. அவர் பயன்படுத்தியது பெரும்பாலும் கடையில் யாரும் வாங்கக்கூடிய மென்பொருளாக இருக்கும், ஐ.ஆர்.எஸ். பதிவில் அந்தக் கணக்கைத் தயாரித்தவர் நீங்கள்தான். பணத்தைத் திருப்பிக் கேட்டுவிட்டு வேறு ஒருவரிடம் செல்லுங்கள். இந்த ஒரு குறையில் மட்டும் சமாதானத்துக்கு இடமில்லை.

கையெழுத்துக்காகக் கணக்கைத் தரும்போதே முழு நகல் ஒன்றையும் உங்களுக்குத் தந்துவிட வேண்டும் என்பது சட்டம். மாநிலக் கணக்கின் நகலையும் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.

ஏழாம் படி: அனுப்பியாகிவிட்டது என்ற சொல்லை நம்பி இருந்துவிடாதீர்கள்

கணக்கைக் குறித்த காலத்தில் அனுப்புவது வரிதாரரின் கடமை. அதைத் தயாரிப்பவரிடம் விட்டிருந்தேன் என்பது தாமத அபராதத்திலிருந்து விடுபடக் காரணமாகாது என்று 1985-இல் பாயில் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மின்னணு முறை வந்த பிறகு நிலைமை மாறியிருக்கும் என்று எண்ணியவர்களுக்கு 2023-இல் லீ வழக்கில் விடை கிடைத்தது. அதில் ஒரு சி.பி.ஏ. மூன்று ஆண்டுகளின் கணக்குகளை ஐ.ஆர்.எஸ்.-க்கு அனுப்பாமலேயே விட்டிருந்தார். வாடிக்கையாளருக்கு அது தெரியாது. அப்போதும் அபராதம் வாடிக்கையாளருக்கே என்றது பதினோராவது சுற்று (சர்க்யூட்) மேல்முறையீட்டு நீதிமன்றம். ஆகவே ஐ.ஆர்.எஸ். கணக்கை ஏற்றுக்கொண்டதற்கான மின்னணு ஒப்புகையைக் கேட்டு வாங்குங்கள். சில வாரங்கள் கழித்து ஐ.ஆர்.எஸ். இணையதளத்தில் உங்கள் பெயரில் கணக்கு திறந்து, பதிவுச் சுருக்கத்தை (டிரான்ஸ்கிரிப்ட்) எடுத்து, கையில் உள்ள நகலோடு ஒப்பிடுங்கள். நீங்கள் பார்த்த கணக்கு ஒன்றாகவும் அனுப்பப்பட்டது வேறாகவும் இருக்கும் மோசடி இந்த ஒப்பீட்டில்தான் வெளிப்படும். அதே தளத்தில் ஐ.பி. பின் என்ற ஆறு இலக்க எண்ணையும் பெறலாம். ஆண்டுதோறும் மாறும் அந்த எண் இல்லாமல் உங்கள் பெயரில் எவரும் மின்னணு முறையில் கணக்கு அனுப்ப முடியாது. உள்நுழையும் கடவுச்சொல்லை மட்டும் தயாரிப்பவருக்கும் தராதீர்கள்.

தவறு நடந்துவிட்டால்

தயாரிப்பவர் கையெழுத்திட மறுத்தது, நகல் தராதது, போலிக் கழிவு காட்டியது போன்றவற்றுக்கு 14157 என்ற படிவத்தில் ஐ.ஆர்.எஸ்.-இடம் புகார் தரலாம். உங்கள் அனுமதியின்றிக் கணக்கை மாற்றினார் அல்லது ரீஃபண்டைத் தன் கணக்குக்குத் திருப்பினார் என்றால் 14157-ஏ என்ற உறுதிமொழிப் படிவத்தையும் சேர்க்க வேண்டும்; ரீஃபண்ட் திருடப்பட்டதானால் காவல்துறை அறிக்கையின் நகலும் தேவை. சி.பி.ஏ. மீதான புகாரை மாநில வாரியத்துக்கும் அனுப்புங்கள். கட்டணத் தகராறு இருந்தாலும் வாடிக்கையாளரின் ஆவணங்களைத் திருப்பித் தர வேண்டும் என்று சர்க்குலர் 230 பொதுவாகக் கட்டளையிடுகிறது.

அபராதத்தைத் தள்ளுபடி செய்யக் கேட்கும்போது, தகுதியுள்ள ஒருவரை நம்பினேன் என்ற வாதம் சில வேளைகளில் எடுபடும். அதற்கு வரி நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டு நியோனட்டாலஜி வழக்கில் மூன்று நிபந்தனைகளை வகுத்தது. ஆலோசகர் நம்பத்தக்க தகுதியுடையவராக இருந்திருக்க வேண்டும். தேவையான சரியான தகவல்கள் அனைத்தையும் நீங்கள் தந்திருக்க வேண்டும். அவருடைய தீர்ப்பை நல்லெண்ணத்தோடு நம்பியிருக்க வேண்டும். முதல் இரண்டு படிகளில் பதிவேட்டிலிருந்து எடுத்த அச்சுப் பக்கத்தையும், நீங்கள் தந்த ஆவணங்களின் பட்டியலையும், கேள்வி–பதில் மின்னஞ்சல்களையும் பாதுகாத்து வைத்திருப்பவருக்கு இந்த வாதம் கைகொடுக்கும். ரீஃபண்ட் அதிகம் வரும் என்று கேள்விப்பட்டுப் போனவருக்குக் கைகொடுக்காது.

பழைய கணக்கு ஒன்றில் பிழை இருப்பது தெரிந்தால், மூன்று ஆண்டு கடந்துவிட்டது என்று அமைதியாக இருந்துவிட முடியுமா என்று பலர் கேட்கிறார்கள். சாதாரணமாக வரி விதிப்பதற்கான காலவரம்பு மூன்று ஆண்டுதான். ஆனால் மோசடிக் கணக்குக்குக் காலவரம்பு இல்லை. வரிதாரருக்குத் தெரியாமல் தயாரிப்பவர் மட்டும் செய்த மோசடிக்கும் அது பொருந்தும் என்று 2007-இல் ஆலன் வழக்கில் வரி நீதிமன்றம் கூறியது, 2015-இல் பி.ஏ.எஸ்.ஆர். வழக்கில் ஃபெடரல் சுற்று நீதிமன்றம் இதற்கு மாறாகத் தீர்ப்பளித்தது. எந்த நீதிமன்றத்தின் முன் உங்கள் வழக்கு போகும் என்பதைப் பொறுத்து விடை மாறும் நிலையில், காலத்தை நம்பிக் காத்திருப்பது அறிவுடைமை அல்ல. 1040-எக்ஸ் படிவத்தில் திருத்திய கணக்கை அனுப்பி, குறைவான வரியையும் வட்டியையும் கட்டிவிடலாம். ஐ.ஆர்.எஸ். அந்தக் கணக்கை ஆய்வு செய்யப் போவதாக முதன்முதலில் உங்களைத் தொடர்பு கொள்வதற்கு முன்பே அது போய்ச் சேர்ந்திருந்தால், மோசடி சம்பந்தப்படாத நேர்வுகளில், குறைத்துக் காட்டிய வரி மீதான 20 விழுக்காடு அபராதம் பொதுவாக விதிக்கப்படுவதில்லை.